சொல்லிக்கொடுத்த பதில்

நாடக வண்டி வருகிற அன்றைக்கு மட்டும் கல்குவாரியில் கம்ப்ரசரை மதியச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுவார்கள். வருஷம் பூராவும் அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகின சனம். சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடம்கூடத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்துக் குரலைத் தணிக்கும். கேண்டீன் அக்காவுக்கு அந்த நேரம் வந்தாலே கையும் ஓடாது, காலும் ஓடாது. வண்டி வரப்போகிறது, வண்டியில் மகள் வரப்போகிறாள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. குவாரி ஆட்களுக்குச் சமைத்துப்போடுவது அவள் வேலை. புருஷன் ஒரு காலத்தில் பாறையில் துளை போடுகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி. கல்தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது வீட்டிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை போவதற்குள் வழியில் கிடக்கிற கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். வேலை போனாலும் மேஸ்திரி என்ற பெயர் போகவில்லை, அதைவிட முக்கியம், அந்த மிடுக்கு போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை அதட்டிக்கொண்டிருந்தார்.

சாலை முடிகிற இடத்தில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நாடகத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எப்போதோ ஒரு நல்ல புத்தி வந்தது. டீசலும் நடிகர்கள் சம்பளமும் அரசாங்கம் பொறுப்பு. ஒரு பழைய லாரி, அதன் ஒரு பக்கத்தைக் கீழே இறக்கினால் அதுதான் மேடை. கம்ப்ரசர் கொட்டகைக்குள் லாரியைப் பின்புறமாக ஓட்டி நிறுத்திவிட்டால் தியேட்டர் தயார். அப்படி வந்த லாரியில்தான் ஒரு வருஷம் மகள் ஏறிப் போனாள். ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் பேசியது. அவள் எங்கே ஓடினாள்? பட்டப்பகலில், அப்பன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள்.

"அந்த வண்டியில ஏறுனவ இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேணாம்" என்றார் மேஸ்திரி.

"நீங்களா கூப்பிடாம நானும் மிதிக்க மாட்டேன்" என்றாள் மகள். இரண்டும் ஒரே அச்சு. நடுவில் கிடந்து அரைபட ஒருத்தி இருக்கிறாளே என்ற நினைப்பு இரண்டுக்கும் இல்லை.

அடுத்த வருஷம் வண்டி வந்தபோது, இந்த மனுஷன் வீட்டை விட்டு நகரமாட்டார் என்றுதான் அக்கா நினைத்தாள். கம்ப்ரசர் நின்றது. மேஸ்திரி எழுந்து நல்ல சட்டையை எடுத்து மாட்டினார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "நாடகம் பாக்க. அரசாங்கம் நம்மள மதிச்சு அனுப்புது. போகலைன்னா மரியாதையா இருக்குமா?" என்றார். அரசாங்கத்தின் மரியாதையைப் பற்றி அதற்கு முன்பும் பின்பும் அவர் கவலைப்பட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். கொட்டகையின் கடைசியில், டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தார். கைதட்டல் ஆரம்பிக்கும்போது எழுந்து போய்விட்டார்.

அதிலிருந்து வருஷா வருஷம் இதுதான். அக்கா நாடகத்தைப் பார்க்க மாட்டாள். மேடையில் மகளைப் பார்ப்பாள், திரும்பிப் பீப்பாய்ப் பக்கம் புருஷனைப் பார்ப்பாள், மறுபடி மகளைப் பார்ப்பாள். கதை என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற நேரம் அது ஒன்றுதான். மேஸ்திரிக்கு மூச்சு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்ததால், ஒவ்வொரு தடவையும் அவள் மனசு இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று அடித்துக்கொண்டது.

அந்த வருஷம் வண்டி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நாடகக் குழுத் தலைவர் கேண்டீன் சுவரில் தொங்குகிற போனுக்குக் கூப்பிட்டார். திட்டத்தைத் தொடரலாமா வேண்டாமா என்று மேலே பேச்சு நடக்கிறதாம். ஒரு அதிகாரி கூடவே வந்து நாடகத்தைப் பார்ப்பாராம், முடிந்ததும் சனங்களிடம் கேள்வி கேட்பாராம்.

"சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொன்னா பத்தாதுக்கா. உங்களுக்கு இது எவ்வளவு வேணும்னு அவங்க மனசுல படணும்" என்றார் தலைவர்.

"அதை என்கிட்ட விடுங்க" என்றாள் அக்கா. சொன்னதோடு விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து கேண்டீன் பள்ளிக்கூடமாகிவிட்டது. தட்டை நீட்டியவனிடம் முதலில் கேள்வி, அப்புறம்தான் சோறு. "அதிகாரி வந்து நாடகம் எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்பாள். "பரவால்லன்னு சொல்லுவேன்" என்று லோடு ஏற்றுகிறவன் ஒருவன் சொன்னான். கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"பரவால்லையா? உன் கல்யாணத்தைப் பத்திக் கேட்டா சொல்லுறதைச் சொல்ற. எங்க உசுரே அதுலதான் இருக்குன்னு சொல்லணும்."

"உசுரு இருக்குன்னா நம்புவாங்களாக்கா?"

"சொல்ற விதத்துல சொன்னா நம்புவாங்க. முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கோ."

பாறைக்கு வெடி வைக்கிறவருக்கு வெடிக்காரர் என்று பெயர். காது பாதி போனவர், வாய் முழுசாக இருந்தது. அவருக்கு அக்கா ஸ்பெஷலாக ஒரு வசனம் கட்டிக்கொடுத்தாள். "இங்க வரலைன்னா மலையைத் தாண்டி நடந்தாவது போய்ப் பார்ப்போம்." வெடிக்காரருக்கு அது பிடித்துப்போய்விட்டது. பாறையில் வெடிக்குச்சியைச் சொருகும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் சொல்லிக்கொடுக்காத ஒரே ஆள் அவள் புருஷன்தான். அவர் கைதட்டலுக்கு முன்னால் எழுந்து போகிறவர், அவரிடம் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? தவிர, அவரிடம் இன்னதைச் சொல்லுங்கள் என்று சொன்னால் நேர் எதிரானதைச் சொல்வார். அதனால் வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை.

வண்டி வந்தது. அதிகாரி வெயிலில் முகம் சிவந்து இறங்கினாள், இறங்கியதுமே செருப்புக்குள் கல் புகுந்து நொண்டினாள். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா கொடுத்த டீயை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். மகள் மேக்கப் போடுவதற்குத் திரைக்குப் பின்னால் போவதற்கு முன்னால் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, "அவரு வருவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"மூச்சு ரொம்ப மோசம்டி. ஆனா சட்டையை எடுத்து வெளியில வச்சிருக்காரு" என்றாள் அக்கா.

இந்தத் தடவை நாடகத்தில் மகளுக்குக் கிழவன் வேஷம். ஒரு காண்ட்ராக்டர் கிழவன், வீட்டில் யார் சொல்வதையும் கேட்காத முரடன். மகள் ஒட்டு மீசையோடு மேடைக்கு வந்து நாலு எட்டு வைத்தாளோ இல்லையோ, கொட்டகையே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. அது மேஸ்திரியின் நடை. ஒரு காலை இழுத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை செருமி, எதிரில் இருப்பவனை ஏற இறங்கப் பார்க்கிற அந்தப் பார்வை வரைக்கும் அப்படியே. வெடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அடிப்பாவி, இருக்கிற ஒரு கயிற்றையும் அறுத்துவிட்டாளே என்று அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

மேஸ்திரி சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் உதட்டுக்குள், அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவன் முதுகைத் தடவ வந்தபோது அவன் கையைத் தட்டிவிட்டு, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் வந்தது. அவர் எழுந்து போகவில்லை.

அதிகாரி மேடையில் ஏறி நின்றாள். அவளும் கண்ணைத் துடைத்திருந்தாள். சில கேள்விகள் கேட்டாள், அக்காவின் மாணவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உசுரு உசுரு என்று பதில் சொன்னார்கள். கடைசியில் கையிலிருந்த தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த நாடகம் உங்க ஊருக்கு வரலைன்னா, வேற ஊருக்குப் பயணம் பண்ணிப் போய்ப் பார்ப்பீங்களா?"

ஆசை எவ்வளவு என்று அளக்கிற கேள்வி என்றுதான் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். பாதிப் பேர் டவுனைக் கண்ணால் கண்டே பல வருஷமாகியிருந்தது, அது வேறு விஷயம். வெடிக்காரர் எழுந்து மலையைத் தாண்டினார். பின்னாலேயே ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். அதிகாரி புன்னகையோடு குறித்துக்கொண்டாள். அப்போது கடைசி வரிசையிலிருந்து செருமல் சத்தம் கேட்டது. மேஸ்திரி பீப்பாயைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எங்க மேடை போட்டாலும் நான் போவேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். "அதுல நடிக்கிறது என் பொண்ணு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மேடையில் மகள் ஒட்டு மீசையோடு அசையாமல் நின்றாள். மேஸ்திரிக்குச் சொன்ன பிறகு வெட்கம் வந்துவிட்டது போல, யார் முகத்தையும் பார்க்காமல் காலை இழுத்துக்கொண்டு வெளியே போனார். மகள் வேஷத்தைக் கலைத்துவிட்டு வருவதற்குள் அவர் வீட்டுத் தெருவுக்குத் திரும்பிவிட்டார். லாரியும் இருட்டுவதற்குள் மலைப்பாதையைக் கடந்தாக வேண்டும். சாமான்களை ஏற்ற வெடிக்காரரும் ஆட்களும் கை கொடுத்தார்கள், அக்கா மகளுக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அவ நடை தப்பு" என்றார் மேஸ்திரி, அவள் உள்ளே நுழைந்ததுமே. "எனக்கு அடிபட்டது இடது கால். அவ வலதை இழுக்கிறா."

"அதை அவகிட்ட நீங்களே சொல்லுங்களேன். ஒரு போன் போட்டு வீட்டுக்கு வரச் சொல்லவா?"

"எதுக்கு அவசரம்? அடுத்த வருஷம் வண்டியோட வருவால்ல. அப்ப இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா அடுப்படியில் போய் உட்கார்ந்து, சத்தம் வராமல், ஆசை தீர அழுதாள். கூப்பிட்டுவிட்டார். நாள் தள்ளிப்போட்டுத்தான் கூப்பிட்டார், ஆனால் கூப்பிட்டுவிட்டார். மகளுக்குப் போனில் அவள் அதைச் சொல்லவில்லை. அவர் வாயாலேயே கேட்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு குழுத் தலைவரின் போன் வந்தது.

"நிறுத்திட்டாங்கக்கா. மலைப்பக்கம் பூராவும் நிறுத்திட்டாங்க."

"எல்லாரும் நல்லாத்தானே சொன்னாங்க?"

"அதுதான்க்கா வினை. பயணம் பண்ணி வந்து பார்க்க மக்கள் தயாரா இருக்காங்கன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் விடாம வர்றேன்னு சொல்லியிருக்காங்கன்னு உங்க ஊரைத்தான் உதாரணம் காட்டியிருக்காங்க. நடக்கவே முடியாத ஒரு பெரியவர்கூட எங்க போட்டாலும் போவேன்னு எழுந்து நின்னாராம், அதையும் போட்டிருக்காங்க. அப்புறம் வண்டி எதுக்குன்னு டவுன் ஹால்ல ஒரே நிகழ்ச்சியா, பெரிய குழுவா வச்சுப் போடப்போறாங்க. நாங்க கலைஞ்சுட்டோம்."

அக்கா அதிகாரியின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், அவளுக்கும் வருத்தம் இருந்தது குரலில் தெரிந்தது. நாங்கள் சும்மா சொன்னோம் என்றாள் அக்கா. ஆசையில் சொன்னோம், இங்கிருந்து டவுனுக்குப் பஸ்ஸே கிடையாது, கல் லாரியில்தான் தொற்றிக்கொண்டு போக வேண்டும், என் வீட்டுக்காரர் குழாயடிக்கே போகமாட்டார் என்றாள்.

"பஸ் எங்க துறை இல்லைங்கம்மா. இனிமே மாத்த முடியாது. நீங்க எல்லாருமே ஒரே மாதிரி சொன்னீங்க. அது மக்கள் கருத்துன்னு பதிவாயிடுச்சு" என்றாள் அதிகாரி.

கேண்டீனில் அன்றைக்கு யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெடிக்காரர் மட்டும், "நீ சொன்னதைத்தானேக்கா சொன்னேன்" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவருக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது மேஸ்திரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் எழுந்து நின்ற கதையை அவள் மறைத்துவிடத்தான் பார்த்தாள். ஆனால் குவாரி ஆபீஸ் கிளார்க் அதற்குள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான், இந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல மட்டும் அவனுக்குக் கால் முளைத்துவிடும்.

"அப்ப என் வாயாலதான் அவ பொழப்பு போச்சு" என்றார்.

"எல்லாரும்தாங்க சொன்னாங்க. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலையே."

"வண்டி வரலைன்னா என்ன, அவளை வரச் சொல்லுவோம். நீங்க ஒரு வார்த்தை போன்ல பேசுங்க. நான் போனை இங்க கொண்டுவர முடியாது, உங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன்."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசச் சொல்ற? ஒரு தடவை வாயைத் திறந்தேன், அவ சோத்துல மண்ணு விழுந்துச்சு. இனிமே அவ விஷயத்துல நான் வாயே திறக்கமாட்டேன்."

அதற்கப்புறம் அவரை அசைக்க முடியவில்லை. அவள் கெஞ்சினாள், சண்டை பிடித்தாள், சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தாள். முன்பு இருந்தது கோபம், கோபத்தோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெரியும். இது கூச்சம். அந்த முரட்டு மனுஷனுக்குக் கூச்சம் வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் மகள் போன் செய்தாள். துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் போனால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும், லீவு கிடையாது என்றாள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"ஒரு நாள் வந்துட்டுப் போடி. அப்பாவுக்கு முடியலை. வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு அன்னைக்கே சொன்னாரு."

"அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

"சத்தியமா அவருதான்டி சொன்னாரு."

"அப்ப போன்ல வந்து சொல்லச் சொல்லும்மா."

அக்கா வீடு இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகளே மேலே பேசினாள்.

"சாமான் ஏத்துறப்ப வெடிக்கார மாமா சொன்னாரும்மா. நீ எல்லாருக்கும் வசனம் சொல்லிக்கொடுத்ததை. சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு, நானும் சிரிச்சேன். அப்புறம் லாரியில போறப்பதான் தோணுச்சு. கேட்கணும் கேட்கணும்னு இவ்வளவு நாளா இருந்தேன். பயமா இருந்துச்சு, கேட்கலை."

"என்னத்தை?"

"என் பொண்ணுன்னு சொன்னாரே. அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததுதானே?"

"ஐயோ இல்லடி. அது அவரா சொன்னது. என் தலைமேல அடிச்சுச் சொல்றேன், நான் ஒரு வார்த்தை அவருகிட்ட பேசலை. கண்ணு, கேளு, அது ஒண்ணுதான்டி அன்னைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காம சொன்னது." தொண்டை கிழியக் கத்தினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"சரிம்மா, அழாதே" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை, சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி இருந்தது. "நீ நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருந்த. அன்னைக்கு நானே நம்பிட்டேன்."